மஞ்சள் விளக்கு அணைகிற வரைக்கும்

பெரியவனுடைய கோபத்தின் மேல்தான் அந்த வீட்டில் உப்பு டப்பாவும் மிளகாய்த்தூள் டப்பாவும் இருந்தன. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கீழே கடை, மேலே வீடு. கடையில் அண்ணன் தம்பி இருவரும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தார்கள். பெரியவனுக்குக் கோபம் தலைக்கேறினால் கைக்கு எட்டிய கேபினெட்டின் பக்கத் தகட்டில் ஒரு குத்து விடுவான். தகடு உள்வாங்கிக் குழிந்துவிடும். நசுங்கின தகட்டை யார் வாங்குவார்கள்? தூக்கிப் போடவும் மனசு வராமல் அவன் மனைவி அவற்றை மாடிக்குக் கொண்டுபோய்ச் சமையலறைச் சுவரில் அலமாரித் தட்டாக மாட்டிவிட்டாள். குழிகளில் டப்பாக்கள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டன. வருகிறவர்கள் கேட்டால், "எங்க வீட்டுக்காரர் கைவண்ணம்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் புதிதாக ஒரு தட்டு மாட்ட வேண்டி வந்த நாளில் அவளுக்குச் சிரிப்பு வராது.

தெருவுக்கே அவள் அண்ணி. சின்னவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கைக்காரர்களும் பக்கத்துச் சலவைக் கடைக்காரரும் பால் போடுகிறவரும்கூட அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கடையில் அவளுக்கும் வேலை உண்டு. பெரியவன் ஆளைப் பேசிப் பிடிப்பான், சாமான் வாங்கி வருவான். சின்னவன் போர்டில் பூட்டுவான். ஒயர்களை மறைவாக இழுத்துக் கட்டுவது அண்ணி. அவள் கட்டின கேபினெட்டுக்குள் எட்டிப் பார்த்தால் தலை வாரிப் பின்னின மாதிரி இருக்கும்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் டீ எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். பெரியவன் தம்பியின் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கி, அவன் முகத்தை மேசையோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். சின்னவன் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்து ஸ்க்ரூ டப்பாவுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. ஏதோ போர்டில் ஊசி வளைந்துவிட்டதாம். யார் வளைத்தது என்பதில் தகராறு. அண்ணி டம்ளர்களைத் தட்டோடு தரையில் போட்டாள். சுடுடீ மூன்று பேர் காலிலும் தெறித்தது.

"நான் பொறந்த வீட்டுல அடியப் பாத்துப் பாத்து வளந்தவ. எங்கப்பா கை நீட்டாத நாளே கெடையாது. அதுலேருந்து தப்பிச்சு இங்க வந்துட்டேன்னு நெனச்சேன். இன்னொரு தடவ உங்க கை தம்பி மேல விழுந்துச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். சண்டையெல்லாம் போட மாட்டேன். சொல்லிட்டும் போக மாட்டேன். போயிடுவேன்."

பெரியவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இந்த ஒல்லிப் பெண்ணா இப்படிப் பேசுகிறது என்று நினைத்திருப்பான். பிறகு தம்பியின் கையை விட்டான். அன்றைக்குத்தான் முதல் தகடு நசுங்கியது. அதற்கப்புறம் அவன் கை தம்பி மேல் விழவில்லை. விழப்போன சமயங்களிலெல்லாம் திசை மாறித் தகட்டுக்குப் போனது. அண்ணி அவனை முழுசாக நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் அந்த அலமாரியைப் பார்ப்பாள், இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

சின்னவனுக்கு இடது காது கேட்காது. அதற்கும் பெரியவன் கைதான் காரணம் என்று சின்னவனே ஒருநாள் சொன்னான். இரண்டு பேரும் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துச் சேர்த்தார்கள். மாட்டினதும் புகைந்தது. பெரியவன் ஓங்கி ஒரு அறை விட்டான். காதில் சீழ் பிடித்து, நாள்பட்டு, அந்தப் பக்கம் செவிடாகிவிட்டது.

"அண்ணன் கை அப்பவே கொஞ்சம் கனம் அண்ணி" என்று சொல்லிச் சிரித்தான் சின்னவன்.

பெரியவன் இதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. ஆனால் ஒன்று செய்வான். தெருவில் நடந்தாலும் கடையில் நின்றாலும் தம்பிக்கு வலது பக்கமாகத்தான் இருப்பான். இடது பக்கமிருந்து யாராவது சின்னவனைக் கூப்பிட்டால் இவனுக்குத்தான் பொத்துக்கொண்டு வரும். "அந்தப் பக்கம் நின்னு கத்தாதய்யா, இந்தப் பக்கம் வந்து பேசு" என்று வாடிக்கைக்காரரையே விரட்டுவான். அந்த ஒரு விஷயத்துக்காகவே அண்ணிக்கு அவன் மேல் பிரியம் குறையாமல் இருந்தது.

இருக்கிற ஒரு காதை வைத்துக்கொண்டுதான் சின்னவன் தொழில் செய்தான். போர்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொண்டு ஒரே ஒரு 'பீப்' கொடுக்கும். அதற்குப் பட்டாணி அளவு ஸ்பீக்கர் ஒன்றை மாட்ட வேண்டும். இப்போதெல்லாம் யாரும் மாட்டுவதில்லை. சின்னவன் மாட்டுவான். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி வலது காதைக் கேபினெட்டின் மேல் வைத்துக்கொள்வான். பீப் வந்ததும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பெரியவன் மேசையைத் தட்டி, "வந்துட்டான்!" என்பான். அது அந்தக் கடையின் வழக்கம். எத்தனை சண்டை நடந்திருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சின்னவன் சாது என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவனுக்குக் கை முந்தும், இவனுக்கு வாய் முந்தும். எந்த இடத்தில் தொட்டால் அண்ணனுக்கு எரியும் என்பது இவனுக்கு அத்துப்படி.

எண்ணுக்காரர் வந்த பிறகுதான் எல்லாம் முற்றியது. அவர் கட்டடங்களுக்குப் படம் போடுகிறவர். முழுக் கட்டடத்தையும் திரையில் நிறுத்தி இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டுவார். எதைச் சொன்னாலும் எண்ணில்தான் கேட்பார் என்பதால் சின்னவன் வைத்த பெயர் அது. இணையத்தில் உள்ளதையெல்லாம் படித்துவிட்டு, பாதியை மனப்பாடமாகவும் மீதியைத் தப்பாகவும் வைத்திருந்தார். புது மாதிரிப் போர்டு வேண்டும், மெமரிக்குப் புது மாதிரி ரேம் பட்டைகள் வேண்டும், உள்ளே விளக்கெல்லாம் எரிவது தெரியும்படி கண்ணாடி வைத்த கேபினெட் வேண்டும் என்றார். அந்தப் புது மாதிரிப் போர்டில் அவர்கள் அதுவரை ஒரு மெஷின்கூடச் செய்ததில்லை. அதை அவரிடம் இரண்டு பேருமே சொல்லவில்லை.

"உங்க வேலைக்கு ஸ்பீடுதான் சார் முக்கியம். ரேம் ஆறாயிரத்து நானூறு ஸ்பீடுல போட்டுடலாம்" என்றான் பெரியவன்.

"டைமிங் எவ்வளவு?"

"நாப்பது."

ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்த சின்னவன் தலையைத் தூக்காமலே, "நாப்பதா? அதுக்கு நாமளே போய் எடுத்துக்கிட்டு வந்துடலாம்" என்றான்.

பெரியவன் கழுத்து சிவந்தது. எண்ணுக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேடிக்கை கிடைத்துவிட்டது.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சுதான். மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு வராமல் ஏமாற்றுகிற நாள். சமையலறையில் புழுக்கம் தாங்கவில்லை. அண்ணி சோற்றைப் பரிமாறிவிட்டு விசிறிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்றான் சின்னவன். "கடையில ரெண்டு ஆளு. ஒருத்தன் வேகமா ஓடி ஓடிச் சாமான் கொண்டு வருவான். ஆனா கூப்பிட்டா 'என்னது?'ன்னு திரும்பவே யோசிப்பான். இன்னொருத்தன் ஓட்டம் ஒரு சொட்டு கம்மி. கூப்பிட்ட ஒடனே எழுந்துடுவான். யாரு வேலைக்கு ஆவான்?"

"கூப்பிட்டா எழுந்திருக்கிறவன்தான்."

"அதேதான் அண்ணி. ஓட்டந்தான் ஸ்பீடு, எழுந்திருக்கிற நேரந்தான் டைமிங். ஆறாயிரம் ஸ்பீடுல டைமிங் முப்பது இருக்கு. எழுந்திருக்கிற நேரத்தக் கணக்குப் போட்டா அண்ணன் சொல்றது பன்னெண்டரைன்னா நான் சொல்றது பத்து. கம்மியா இருந்தாத்தான் நல்லது. சின்னப் பையன்கூடச் சொல்லிடுவான்."

"இவன் பெரிய வாத்தியாரு" என்றான் பெரியவன், சோற்றைப் பிசைந்துகொண்டே. "அந்தாளு ஒரு கட்டடத்தையே தூக்கித் திருப்பப் போறான். மூட்டை மூட்டையா உள்ள போயி வெளிய வரணும். மூட்டை தூக்க ஓடுறவன்தான் வேணும். கூப்பிட்டா எழுந்து நின்னு வணக்கம் வெக்கிறவன வெச்சு நாக்கு வழிக்கவா?"

"ஒனக்கு அட்டையில எந்த எண்ணு பெருசா அச்சடிச்சிருக்கோ அதான் கண்ணுக்குத் தெரியும்."

பெரியவன் தட்டை ஒரு தள்ளு தள்ளினான். சோறு சுவர் வரைக்கும் சிதறியது. தட்டு சுவரில் மோதின அதிர்வில் ஒரு டப்பா குழியிலிருந்து எகிறி விழுந்து, மிளகாய்த்தூள் கொட்டித் தரையெல்லாம் சிவந்தது. அண்ணி துடைப்பத்தை எடுத்தாள். மூன்று பேருக்கும் தும்மல் வந்தது. இல்லாவிட்டால் அன்றைக்கே ஏதாவது ஆகியிருக்கும்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி நியாயம் இருந்தது. அதுதான் தொல்லை. ஒருவன் முழு முட்டாளாக இருந்திருந்தால் சண்டை சீக்கிரம் முடிந்திருக்கும்.

மறுநாள் பெரியவன் போய் ஆறாயிரத்து நானூறில் ஒரு ஜோடி வாங்கி வந்தான். கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக உறையைக் கிழித்தான். உறை கிழிந்த ரேமை மொத்தக் கடைக்காரர்கள் திரும்ப எடுக்க மாட்டார்கள். இனி இவன் என்ன பண்ணுவான் என்று நினைத்தான். சின்னவன் மேசை இழுப்பறையைத் திறந்தான். அதற்குள் ஆறாயிரத்தில் முப்பது டைமிங் போட்ட ஒரு ஜோடி இருந்தது. அவனும் முந்தின நாள் சாயங்காலமே வாங்கி வந்து உறையைக் கிழித்து வைத்துவிட்டான். அதே எண்ணம்தான். அண்ணன் தம்பி என்றால் சும்மாவா.

"ரெண்டு கழுதைங்களும் ஒரே அச்சு" என்றாள் அண்ணி. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

விஷயம் தெரிந்த எண்ணுக்காரர் சொன்னார்: "போர்டுல நாலு ஸ்லாட் இருக்குல்ல? நாலையும் போட்டுடுங்களேன். எடமும் ரெட்டிப்பாகும். ஸ்பீடும் ஆச்சு, டைமிங்கும் ஆச்சு."

வேறு வேறு ஜோடியைக் கலக்கக் கூடாது என்று அந்தத் தொழிலில் நேற்று வந்தவனுக்கும் தெரியும். இவர்கள் இருவருக்கும் நன்றாகவே தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் சரி என்றார்கள். யாருடைய ரேம் காலை வாருகிறது என்று பார்த்துவிடலாம் என்பது ஒவ்வொருவன் மனசிலும் இருந்த கணக்கு. மெஷின் ஓட வேண்டும் என்பதைவிட அடுத்தவன் ரேமால் அது நிற்க வேண்டும் என்பதில்தான் ஆசை.

மெஷினை வாங்கிப் போக எண்ணுக்காரர் மதியமே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. கடைக்குள் ஃபேன் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. அண்ணி கடைசி ஒயரை இழுத்துக் கட்டினாள். சின்னவன் நான்கு ரேமையும் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தான். அண்ணனுடையதை அழுத்தும்போது மட்டும் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினான். ஸ்பீக்கரை மாட்டினான். கழற்றி வைத்த கண்ணாடிப் பலகை சாமான் ரேக்கில் சாய்ந்து நின்றது. சுவிட்சைப் போட்டு, கண்ணை மூடி, காதை வைத்தான்.

ஃபேன்கள் சுற்றின. போர்டின் ஓரத்தில் ரேமுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. திரை கறுப்பு. பீப் வரவில்லை.

பழைய போர்டாக இருந்தால் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் கத்தியிருக்கும். பெரியவன் ஒரு மூச்சு விடும் நேரம் பொறுத்தான், இன்னொரு மூச்சுக்குப் பொறுக்கவில்லை. சுவிட்சை அணைத்தான்.

"ஒன்னோடதக் கழட்டு."

"ஏன், ஒன்னோடதக் கழட்டேன்."

"நாந்தான்டா மூத்தவன்."

"ரேமுக்கு அதெல்லாம் தெரியாது."

ஒருவனும் தன் ஜோடியைக் கழற்றவில்லை. இடத்தை மட்டும் மாற்றிப் போட்டார்கள். மறுபடி சுவிட்சு. மறுபடி மஞ்சள் விளக்கு, கறுப்புத் திரை. மறுபடி அணைத்தார்கள். மறுபடி மாற்றினார்கள். இப்படியே போனது. மூன்றாவது ஒரு வழி இருப்பதாகவே இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அண்ணி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அந்த வெளக்கு இப்ப அணைஞ்சு மறுபடி எரிஞ்சுது. உள்ள என்னமோ நடக்குது போல. கொஞ்சம் விட்டுத்தான் பாருங்களேன்."

"வரதா இருந்தா இந்நேரம் வந்திருக்கும் அண்ணி" என்றான் சின்னவன்.

"நீ உள்ள போய் வேலையப் பாரு" என்று பெரியவன் சுவிட்சை அணைத்தான்.

எண்ணுக்காரர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "என்னப்பா இது? தொழில் தெரியுமா தெரியாதா ஒங்களுக்கு? இந்த மாதிரிப் போர்டு எத்தனை பண்ணியிருக்கீங்க? ஒரு எண்ணு சொல்லுங்க பாப்போம்."

பெரியவன் சின்னவனைப் பார்த்தான், சின்னவன் ரேமைத் துடைத்தான்.

"ஒண்ணுகூடப் பண்ணதில்லையா? அடப்பாவிகளா! என் பொருளை வெச்சா பழகிப் பாக்கறீங்க? தெருவுல சொல்றது சரியாத்தான் இருக்கு. இந்தக் கடையில ரெண்டு தல, ஒரு மூளை கெடையாது."

பெரியவன் முஷ்டி தானாகத் தூக்கிக்கொண்டது. பழக்கம்தானே. பக்கத்தில் சாய்ந்து நின்ற பக்கப் பலகையில் ஒரு குத்து விட்டான். அது தகடில்லை என்று கைக்குத் தெரியாது. கண்ணாடி வெடித்துப் பொரிப்பொரியாகக் கொட்டியது. அதைத் தாண்டிப் போன கை இரும்பு ரேக்கின் விளிம்பில் இறங்கி, விரல் முட்டியிலிருந்து மணிக்கட்டுப் பக்கம் வரை பிளந்துகொண்டது. ரத்தம் குபுக்கென்று வந்தது.

அண்ணி தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கட்டும்போதே அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். அடுக்கி வைத்திருந்த கேபினெட்டுகள் எல்லாமே இந்தக் காலத்துக் கண்ணாடி கேபினெட்டுகள். இனி அவன் குத்துவதற்கு இந்தக் கடையில் ஒரு தகடும் இல்லை. குத்துகிற கையும் இல்லை. அடுத்த கோபம் எங்கே போகும்?

"போதும். இன்னிக்குக் கடையச் சாத்துங்க. சார், நீங்க நாளைக்கு வாங்க. ரெண்டு பேரும் மேல வாங்க" என்றாள்.

"என் கண்ணாடி!" என்று கத்தினார் எண்ணுக்காரர்.

சின்னவன் எதையும் காதில் வாங்காமல் நான்கு ரேமையும் பிடுங்கி, துடைத்து, திரும்பவும் அழுத்தினான். சுவிட்சைப் போட்டான். மஞ்சள் விளக்கு எரிந்தது. அவன் காதை வைக்கவில்லை. நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். பெரியவன் வழக்கம்போல அவனுக்கு வலது பக்கத்தில் நின்றான், ரத்தம் ஊறின துண்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

"வரலைன்னா ஒன் ரேம்தான் போச்சு" என்றான் பெரியவன். "நான் அன்னிக்கே சொன்னேன்."

"எப்பவும் பழிய என் மேல போட்டுத்தான ஒனக்குப் பழக்கம்?"

"என்னடா?"

"ரேடியோ."

பெரியவன் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"ரேடியோ புகைஞ்சது என் ஒயராலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கியா? பேட்டரிய நீ தலைகீழா போட்டிருந்த. நான் அப்பவே பாத்தேன். நீயும் பாத்த. பாத்துட்டுத்தான் அறஞ்ச."

"டேய், வேணாம்."

"அடிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியத் திருப்பி வெச்ச பாரு, அந்தக் கையி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. இவ்வளவு வருசமா என் வலது பக்கம் நின்னுக்கிட்டு, ஏதோ தர்மம் பண்ற மாதிரி நடந்துக்கிட்டு..."

அண்ணி அவன் வாயைப் பொத்தப் போனாள். அதற்குள் பெரியவனின் இடது கை தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டது. சின்னவன் மேசையைத் துழாவி, பழைய மெஷினிலிருந்து கழற்றி வைத்திருந்த, சூட்டைத் தணிக்கிற ஹீட்சிங்க்கை எடுத்தான். கனமான உலோகக் கட்டி, பக்கமெல்லாம் தகடு தகடாகக் கூர். அதை அண்ணன் நெற்றியில் இறக்கினான். புருவத்துக்கு மேல் தோல் மடங்கித் தொங்கியது. பெரியவன் ஒரு மாட்டுக் குரல் கொடுத்தான். தலையாலேயே தம்பியின் மூக்கில் முட்டினான். இரண்டு பேரும் ரேக்கோடு சேர்ந்து சாய்ந்தார்கள். மேல் தட்டிலிருந்த கீபோர்டுகளும் பவர் சப்ளைகளும் தடதடவென்று விழுந்தன. ஒன்று எண்ணுக்காரரின் முழங்காலில் விழுந்தது. அவர் ஸ்டூலோடு கவிழ்ந்து வாசல் பக்கம் தவழ்ந்தார்.

"விடுங்க! விடுங்கன்னா!" அண்ணி நடுவில் புகுந்து புருஷனின் கையைப் பிடித்துத் தொங்கினாள். யாருடைய முழங்கை என்று தெரியவில்லை, அவள் வாயில் வந்து இடித்தது. உதடு பிளந்தது. அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே போய் விழுந்தாள். வாயெல்லாம் உப்பாக இருந்தது.

விழுந்த இடத்திலிருந்து அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். சின்னவன் மேசையைப் பிடித்து எழுந்து நின்றான். கையில் இன்னும் அந்த உலோகக் கட்டி இருந்தது. பெரியவன் கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தான். வலது கையை ஓங்கப் போனான். துண்டு சுற்றின கை வலியில் பாதியிலேயே நின்றது. உடனே இடது கை எழுந்தது.

"ஏங்க!" என்று அவள் கத்தினாள்.

அறை விழுந்த சத்தம் பலகை முறிகிற மாதிரி கேட்டது. சின்னவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து, மேசை விளிம்பில் தலை இடிபட்டு, சரிந்து தரையில் உட்கார்ந்தான். ஹீட்சிங்க் உருண்டு போனது. அவன் வலது காதிலிருந்து மெல்லிசாக ஒரு கோடு ரத்தம் இறங்கிக் கழுத்துக்கு வந்தது.

பெரியவன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யார் கையோ என்பதுபோலப் பார்த்தான். கண்ணாடிப் பொரியை மிதித்தபடி எண்ணுக்காரர்கூட வாசலிலேயே நின்றுவிட்டார்.

இத்தனை நேரமும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அடித்துக்கொண்ட மும்முரத்தில் சுவிட்சை அணைக்க யாருக்கும் கை ஒழியவில்லை. அந்தப் புது மாதிரிப் போர்டுக்கு அது ஒன்றுதான் தேவைப்பட்டிருந்தது. முதல் தடவை ரேம் மாட்டினால், ஒவ்வொன்றும் எந்த ஓட்டத்துக்குத் தாங்கும், கூப்பிட்டால் எத்தனை நேரத்தில் எழும் என்று அது இருட்டில் உட்கார்ந்து தானாகவே பழகிப் பார்க்கும். கலப்பு ஜோடி என்றால் இன்னும் தாமதிக்கும். இவர்கள்தான் ஒவ்வொரு முறையும் பாதியில் கழுத்தைத் திருகியிருக்கிறார்கள்.

மஞ்சள் விளக்கு அணைந்தது.

பீப்.

திரை வெளுத்தது. நான்கு ரேமும் வரிசையாகத் தெரிந்தன. ஓட்டம் பெரியவன் சொன்ன எண்ணும் இல்லை, சின்னவன் சொன்ன எண்ணும் இல்லை. இரண்டுக்கும் கீழே வேறொரு எண்ணில், நான்கும் சேர்ந்து ஓடின.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணுக்காரர் திரும்பினார். அண்ணியும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து திரும்பினாள். பெரியவன் வாய், நெற்றி ரத்தம் வழிய வழிய, பழக்கதோஷத்தில் தானாகச் சொன்னது: "வந்துட்டான்."

அண்ணிதான் முதலில் திரும்பவும் இந்தப் பக்கம் பார்த்தாள். சின்னவன் திரும்பியிருக்கவில்லை. மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"என்ன?" என்றான். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான். "ஏன் எல்லாரும் அங்க பாக்கறீங்க?"

பெரியவன் மண்டி போட்டான். தம்பியின் வலது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "டேய் சின்னவனே, மெஷின் வந்துடுச்சுடா. நாலும் ஓடுதுடா" என்றான். சின்னவன் அவன் உதட்டைப் பார்த்தான். பெரியவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். பிறகு முழங்காலால் கண்ணாடிப் பொரியின் மேலேயே நகர்ந்து, வாழ்நாளில் முதல் தடவையாகத் தம்பியின் இடது பக்கம் போனான். அங்கேயிருந்து கூப்பிட்டான்.

அண்ணி எழுந்தாள். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். படிக்கட்டுக்குக் கீழே கிடந்த செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். சின்னவனின் செருப்பையும் எடுத்து வந்து அவன் காலடியில் வைத்தாள். மாடிக்குப் போய் எதையும் எடுக்கவில்லை. கையைப் பிடித்து அவனைத் தூக்கி நிறுத்தினாள். எங்கே என்று அவன் கண்ணால் கேட்டான். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள், ஆஸ்பத்திரி என்று. அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு எங்கே என்பதை அவள் காட்டவில்லை.

இரண்டு பேரும் வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தார்கள். அவள் அவனுக்கு எந்தப் பக்கம் நடப்பது என்று ஒரு கணம் தடுமாறி, பிறகு முன்னால் நடந்தாள். பின்னாலேயே பெரியவன் வாசல்வரை ஓடி வந்து கூப்பிட்டான். தம்பியைக் கூப்பிட்டான். அவளைக் கூப்பிட்டான். சின்னவனுக்குக் கேட்கவில்லை. அவளுக்கு நன்றாகவே கேட்டது. அவளும் திரும்பவில்லை.